வீடு வீடாகக் கேட்பதா, மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டுவதா?

குமரி மாவட்டத்து மக்களுக்குப் புற்றுநோய் சிகிச்சைகள் பற்றி என்ன தெரியும், அவர்களுக்கு உண்மையில் எது கொடுக்கப்படுகிறது? இதை ஆராய நினைக்கும் மாணவர்கள் வினாத்தாளோடு வீடு வீடாகப் போகலாம். இல்லையென்றால் ஆசாரிபள்ளம், நெய்யூர் மருத்துவமனைகளில் அனுமதி வாங்கிப் பதிவேடுகளைப் படிக்கலாம்.

பதிவேட்டின் பலம் துல்லியம். என்ன மருந்து, எவ்வளவு அளவு, எத்தனையாவது சுற்றில் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் போட்டுக்கொள்பவரைக் கேட்டால், கீமோ அல்லாத அந்த இலக்கு மருந்தும் அவருக்குக் ‘கீமோ ஊசி’தான். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் இமாட்டினிப் விழுங்குபவரோ, “சிகிச்சை எல்லாம் இல்ல, மாத்திரைதான்” என்று சொல்லிவிடக்கூடும்.

ஆனால் இந்த மாவட்டத்தில் பதிவேட்டுக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, கேரள எல்லை. 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பெரிய நோய் என்றால் பலரும் ஏறுவது திருவனந்தபுரம் பஸ்ஸில்தான். அதில் வியக்க ஒன்றுமில்லை. 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. என்ற அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்; சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சுமார் 700. எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்காரருக்கு ஆர்.சி.சி. இன்னும் பக்கம். இங்குள்ள ஏடுகளை மட்டும் எண்ணினால் எல்லையோர விளவங்கோட்டுப் பக்கம் நோயே குறைவு என்ற பொய்யான முடிவுக்கு வந்துவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கணக்கை எடுத்தாலும், கைக்காசு போட்டு வாங்கிய மருந்து அதில் வராது.

வீட்டுக் கணக்கெடுப்பில் எல்லை தடையில்லை. அதன் தொல்லை வேறு. “தெரியுமா?” என்றால் மரியாதைக்காகவே “தெரியும்” என்பார்கள். கதிர்வீச்சு என்று கேட்காமல் ‘கரண்ட் வைக்கிறது’ என்று கேட்க வேண்டும். நோயாளிக்கே நோயின் பெயரைச் சொல்லாத வீடுகளும் உண்டு. வாசலில் நின்று அந்தப் பெயரை உளறிவிட்டால் ஆய்வு மட்டுமல்ல, அந்தக் குடும்பமும் கலங்கும். மணவாளக்குறிச்சிக் கரையில் பேச்சு அங்குள்ள கதிரியக்க மணலுக்குத் தாவும். பேச்சைச் சிகிச்சைப் பக்கம் இழுத்து வரப் பொறுமை வேண்டும்.

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் வீட்டுக்குத்தான் போவேன். நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு பை நிறைய ஃபைல் இருக்கும். சம்மதம் கேட்டு டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தால் மருந்தின் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும். விழிப்புணர்வை விட்டுவிட்டு மருந்துப் பயன்பாட்டை மட்டும் ஆராய்பவருக்குப் பதிவேடே மேல், அதுவும் இரு மாநிலத்துப் பதிவேடும் சேர்ந்திருந்தால். நெறிமுறைக் குழு ஒப்புதலை ஒவ்வொரு மருத்துவமனையிலும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பதால், திருவனந்தபுரத்து விண்ணப்பத்தை முதலில் போடுங்கள்.