புது ஃபெண்டருக்குக் காசு வாங்கிவிட்டு பட்டி பூசிக் கொடுத்தார்கள்: பெங்களூரில் டிங்கரிங் வேலைக்குக் கார் விடுபவர்கள் கவனத்துக்கு

காரை டிங்கரிங் வேலைக்கு விடப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு விடுங்கள். எனக்கு 16,500 ரூபாய் போனது, அதைச் சரிசெய்ய மறுபடியும் செலவு. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை, ஆனால் நடந்தது அத்தனையும் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் டின் ஃபாக்டரி நெரிசலில் ஒரு சின்ன யானை (டாடா ஏஸ் மினி லாரி) என் ஸ்விஃப்ட்டின் இடது முன் மூலையை அழுத்திக்கொண்டே போய்விட்டது. முதல் பார்வைக்குப் பெரிய அடியாகத் தெரியவில்லை. ஆனால் ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு, பின்னால் தள்ளிப்போய்க் கதவோடு ஒட்டியிருந்தது, கதவைத் திறந்தால் தகடும் தகடும் உரசும் சத்தம். பானெட் பக்கமோ நேர்மாறாக, விரல் நுழைகிற அளவுக்கு கேப். ஹெட்லைட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் இன்சூரன்ஸில் போடச் சொன்னார்கள். அல்சூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், ஓனர் தமிழ்க்காரர். "க்ளெய்ம் போட்டா உங்க போனஸ் மொத்தமும் போயிடும் தம்பி, நம்ம ஆளுங்க நீங்க, உங்ககிட்டயா நான் காசு பார்க்கப் போறேன்" என்றார். மூன்று வருடம் க்ளெய்ம் இல்லாததால் எனக்கு 35 சதவீத போனஸ் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தள்ளுபடி சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்டு பார்ட்டி தொகைக்குக் கிடையாது. என் பழைய வண்டிக்கு அது எவ்வளவு ரூபாய் என்று அன்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் க்ளெய்ம்தான் போட்டிருப்பேன், அப்போது எந்தப் பாகம் மாற்ற வேண்டும் என்பதாவது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் படத்தோடு பதிவாகியிருக்கும். தமிழில் பேசினார், தம்பி என்றார், நம்பிவிட்டேன். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் அந்த ஒரு வார்த்தைக்கு மனசு இளகிவிடுகிறது.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ஒரிஜினல் ஃபெண்டர், டிங்கரிங், பெயிண்டிங், கழற்றி மாட்டும் கூலி, மொத்தம் 16,500. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, பார்ட் நம்பர் இல்லை. மூன்று நாள் என்றவர் ஒன்பது நாள் இழுத்து, இருட்டிய பிறகு வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. கேப் எல்லாம் ஒரே சீராக இருந்தது. ஒரே ஒரு குறை, இடது கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்தியது. கேட்டதற்கு "ரப்பர் செட் ஆகணும் தம்பி, பத்து நாள்ல சரியாயிடும்" என்றார்.

சரியாகவில்லை. மே மாதம் நாலு நாள் நல்ல மழை பெய்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் கதவைத் திறக்கும்போது ஃபெண்டரின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு உடைந்து கீழே விழுந்தது. பெயிண்ட் என்று நினைத்துக் கையில் எடுத்தால் பிஸ்கட் கனத்துக்கு பட்டி, பள்ளத்தை நிரப்பப் பூசுவார்களே அந்தப் பசை! உடைந்த இடத்தில் தகடு துருப்பிடித்திருந்தது.

இந்த முறை ஆஸ்டின் டவுனில் வயதான டிங்கர் ஒருவரிடம் போனேன். அவர் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி முதலில் வலது ஃபெண்டரில் வைத்தார், கெட்டியாகப் பிடித்தது. இடது பக்கம் வைத்தால் நிற்காமல் வழுக்கி விழுந்தது. அப்புறம் பானெட்டைத் தூக்கி, ஃபெண்டரின் மேல் விளிம்பில் வரிசையாக இருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். "இதைப் பாருப்பா, ஃபேக்டரி பெயிண்ட் அப்படியே இருக்கு. ஸ்பேனர் பட்டிருந்தா தலை மூலையில பெயிண்ட் உரிஞ்சிருக்கும். இந்த ஃபெண்டரை யாரும் கழட்டவே இல்ல."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. புது ஃபெண்டருக்குக் காசு கொடுத்திருக்கிறேன், பழையதைக் கழற்றக்கூட இல்லை.

சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றினோம். தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டு, கொக்கி மாட்டி வெளியே இழுத்திருக்கிறார்கள், அந்த ஓட்டைகள் வழியாக பட்டி உள்ளே புழுப் புழுவாகப் பிதுங்கிக் காய்ந்திருந்தது. ஃபெண்டரைத் தாங்கும் ஏப்ரன் தகடு வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது, அதைத் தொடவே இல்லை. கதவு எப்படித் திறந்தது என்றால், கதவு கீலைத் தளர்த்திக் கதவையே பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அதனால்தான் பின் ஓரம் இறுகி, அடித்துச் சாத்த வேண்டியிருந்தது. முன்னால் வந்த கேப்பை பட்டி வைத்து இழைத்துக் கோடு போட்டுவிட்டார்கள். நான் பார்த்து சந்தோஷப்பட்ட அந்த நேர்கோடு முழுக்க பட்டி.

பெரியவர் செய்த முறையைச் சொல்கிறேன், அடுத்த முறை உங்கள் வண்டிக்கு யாராவது வேறு மாதிரி செய்தால் நிறுத்திக் கேளுங்கள். முதலில் ஏப்ரனை இழுத்து நேராக்கினார். பிறகு கதவைக் கீலில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பின்கதவோடு கோடு சேர்கிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் புது ஃபெண்டர், அதையும் எல்லா போல்ட்டும் அரைகுறையாக மாட்டி, கதவைப் பார்த்து நகர்த்தி நகர்த்தி இறுக்கினார். போல்ட் துளைகள் கொஞ்சம் பெரிதாக இருப்பதே இந்த நகர்த்தலுக்குத்தான். பானெட், ஹெட்லைட், பம்பர் எல்லாம் அதற்குப் பிறகு. உள்ளே நேராக இருந்தால் கேப் தானாக உட்காரும், பட்டி வைத்து உட்கார வைக்க வேண்டியதில்லை என்றார். பட்டியே கெடுதல் இல்லை, தட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சின்ன மேடு பள்ளத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் போடலாம். என் வண்டியில் இருந்தது அதைப் போல இரண்டு மடங்கு.

நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஐந்து ஏடிஎம் கார்டுகளைச் சேர்த்தால் நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பெயிண்டில் கீறல் விழாமல் அதை இரண்டு பக்க கேப்பிலும் வைத்துப் பாருங்கள், அடிபடாத பக்கம் எப்படியோ அடிபட்ட பக்கமும் அப்படி இருக்க வேண்டும். வண்டியை விடுவதற்கு முன் போல்ட் தலைகளைப் படம் எடுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் தகட்டை நேரில் போய்ப் பாருங்கள். டெலிவரி பகலில்தான் எடுங்கள்.

பழைய கடைக்குப் படங்களோடு போய்க் கேட்டேன். "புதுசுதான் மாட்டினோம், நீங்க எங்கயாவது இடிச்சிருப்பீங்க" என்றார். சரி, அப்படியென்றால் கழற்றிய பழைய ஃபெண்டர் எங்கே என்றேன். காயலான் கடைக்குப் போட்டாச்சாம். அன்று அவர் வாயில் தம்பி வரவில்லை, சார்தான் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் ஒழுங்கான பில் இல்லாதது பெரிய பலவீனம். ஆனால் பணம் கொடுத்தது யுபிஐயில், அது அழியாது. இதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது.

ஆஸ்டின் டவுன் பெரியவர் நான் கேட்காமலேயே பழைய ஃபெண்டரை டிக்கியில் வைத்துக் கொடுத்தார். உள்பக்கத்து பட்டியோடு அது இப்போது என் பால்கனியில் இருக்கிறது, புகார் முடியும்வரை அங்கேதான் இருக்கும்.