பழைய பாய்மரப் படகைப் பட்டறையில் விடுமுன்

நம் பகுதியில் பழைய பாய்மரப் படகை வாங்கிச் செப்பனிட நினைப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராவது நான் ஏமாந்த விதத்தில் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரை எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருக்கிறது. பட்டறை கடலூர்ப் பக்கம் உப்பனாற்றின் கரையில் இருக்கிறது என்பதற்கு மேல் அடையாளம் சொல்வது இப்போது முறையாகாது.

படகு 24 அடி நீளம். ஃபைபர் உடல், பலகையின் மேல் ஃபைபர் போர்த்திய மேல்தளம், ஒற்றைப் பாய்மரம். புதுச்சேரியை விட்டுச் சொந்த நாடு திரும்பிய ஒருவரிடமிருந்து வாங்கினேன். உள்ளே இருப்பது யான்மார் 2ஜிஎம்20 என்னும் இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின். சிலிண்டரின் உள்விட்டம் 75 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 636 சிசி. கடல்நீரையே நேரடியாக உள்ளிழுத்துக் குளிர்வித்துக்கொள்ளும் வகை அது. இந்த விவரங்களை வாங்கும்போதே அறிந்திருந்தேன் என்று பெருமை பேச முடியாது. பணம் போன பிறகு கற்றுக்கொண்டவை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. படகின் வடிகால் துளையை இலையும் சேறும் அடைத்துக்கொள்ள, அரை மீட்டர் மழைநீர் அப்படியே உள்ளே இறங்கி இஞ்சினை மூழ்கடித்தது. தெருவெல்லாம் தண்ணீர் நின்ற அந்த நாட்களில் வீட்டைப் பார்ப்பதா, படகைப் பார்ப்பதா என்று தெரியாமல், நான்காம் நாள்தான் போய்ப் பார்த்தேன். நீரில் மூழ்கிய டீசல் இஞ்சினை உடனே வடித்து, எண்ணெயை மாற்றி, சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பிழை முழுக்க என்னுடையது. பட்டறைக்குப் போகும்போது இஞ்சின் இறுகிப் போயிருந்தது. மேல்தளமும் இரண்டு இடங்களில் காலுக்கு மெத்தென்று அமுங்கியது.

2025 ஜனவரியில் கிரேன் வைத்துத் தூக்கி, லாரியில் ஏற்றி, புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் முள்ளோடை எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பட்டறைக்காரர் மரியாதையானவர். மரப்படகும் ஃபைபர் படகும் பல ஆண்டுகளாகச் செய்துவருவதாகச் சொன்னார். அதில் பொய் இருப்பதாக இன்றும் நான் நினைக்கவில்லை. இஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற புதுப் பிஸ்டன் போட்டு, டீசல் டேங்கைக் கழுவி, மேல்தளத்தைக் கடல்தர ஒட்டுப்பலகையால் (பிளைவுட்) மாற்றித் தருவதற்கு 3,40,000 ரூபாய் என்று முடிவானது. மார்ச்சில் முடித்துத் தருவதாகப் பேச்சு. ஒரு துண்டுச் சீட்டில் ‘இஞ்சின் ஃபுல் ஓவராலிங், டெக் வேலை’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு வரிக்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம், எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் ஏப்ரலானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேறும் விசைப்படகுகள் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் பழுது பார்த்துக்கொண்டு கடலுக்குத் திரும்ப வேண்டும் என்பதால், பட்டறைகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருக்கும் ஒருவனின் வேலை அங்கே ஓரத்துக்குத் தள்ளப்படுவது நியாயமே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்த்தேன். அன்று பட்டறையில் ஆளிருக்காது. ஒவ்வொரு முறை போகும்போதும் ஏதோ ஒன்று மூடப்பட்டிருக்கும். பலகை ஃபைபருக்குள் போயிருக்கும், இஞ்சின் பச்சை நிறப் பெயிண்டுக்குள் போயிருக்கும். வேலை நடக்கிறது என்று மகிழ்ந்து அடுத்த தவணையை அனுப்பினேன்.

ஜூலையில் படகை உப்பனாற்றில் இறக்கினார்கள். அசைவற்ற ஆற்றுநீரில் அரை மணி நேரம் இஞ்சின் நன்றாகவே ஓடியது. புகை சற்று நீலமாக இருந்ததைக் கேட்டேன். “புது ரிங்கு செட் ஆகுற வரைக்கும் கொஞ்சம் புகை வரத்தான் சார் செய்யும்” என்றார். பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையங்கள்தான் இந்த ரிங்குகள்; புதியவை படிய நேரமாகும் என்பது உண்மைதான். பாதி உண்மை என்பதால்தான் அதை மறுத்துப் பேச எனக்கு வாயெழவில்லை. மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் நண்பர் ஒருவருடன் வடக்கே சுமார் 12 கடல் மைல் பாய்விரித்து வந்தோம். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே பாயை இறக்கிக் கட்டிவிட்டு இஞ்சினை முடுக்கினேன். மணல் திட்டின் மேல் அலை புரளும் இடத்தில், இரு பக்கமும் கருங்கல் தடுப்புச் சுவர் நிற்க, இஞ்சின் இருமுறை திணறி நின்றது. திரும்பப் பாயேற்ற அவகாசமில்லை. நங்கூரத்தைப் போட்டும் அது மணலில் இழுபட்டது. கரை திரும்பிக்கொண்டிருந்த வீராம்பட்டினத்து ஃபைபர் படகு ஒன்று கயிறு வீசி எங்களைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்து சேர்த்தது. டீசலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

விசைப்படகு இஞ்சின்களில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைத் துறைமுகத்தில் காட்டினார்கள். அவர் இஞ்சினைத் தொடவே இல்லை; நேராக டீசல் டேங்கின் மூடியைக் கழற்றினார். திருகுகளின் மேல் பல ஆண்டுப் பெயிண்ட் உடையாமல் இருந்தது. உள்ளே அடியில் விரலளவு கறுப்புச் சேறும் மழைநீரும். ஆற்றில் ஆடாமல் நிற்கும்போது அடியிலேயே கிடந்த அந்தச் சேறு, அலையில் குலுங்கியதும் கலங்கிப் போய் ஃபில்டரை அடைத்திருக்கிறது. “டேங்கு கழுவினதா பணம் வாங்கியிருக்காங்களா தம்பி?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அப்ப மிச்சத்தையும் பிரிச்சுப் பாத்துடுவோம்” என்றார்.

சிலிண்டர் தலையைக் கழற்றியதும் முதலில் பார்த்தது பிஸ்டனின் முகத்தை. கடைந்து பெரிதாக்கிய சிலிண்டருக்குப் போடும் பிஸ்டனில் எத்தனை மிகை என்பது பொறிக்கப்பட்டிருக்கும், 0.25 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து அளந்தபோது சிலிண்டரின் மேற்பகுதி 75.12 மில்லிமீட்டர் காட்டியது. கடைந்திருந்தால் மேலும் கீழும் ஒரே சீராக 75.25 காட்டியிருக்க வேண்டும். ஆக, பழைய சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய பிஸ்டனின் கரியைச் சுரண்டி, புது ரிங்கு மட்டும் போட்டு மூடியிருக்கிறார்கள். நீலப் புகைக்குக் காரணம் ரிங்கு படியாதது அல்ல. தேய்ந்த சுவருக்கும் ரிங்குக்கும் இடையே எண்ணெய் ஏறி எரிந்ததுதான்.

இஞ்சின் சூடேறும் வரை குளிர்நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூடு காலியாக இருந்தது. ‘புதுத் தெர்மோஸ்டாட்’ என்று பிறகு கேட்டு வாங்கிய பில்லில் இருக்கிறது. நம் ஊரில் பல மெக்கானிக்குகளுக்கு இது பழக்கம்: இந்த வெயிலுக்கு எதற்கு, இருந்தால் அடைத்துக்கொள்ளும் என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். கடல்நீரால் குளிரும் இந்த வகை இஞ்சினில் அது 42 டிகிரியிலேயே திறக்கத் தொடங்கும். நீர் மிகவும் சூடேறினால் உப்புப் படியும் என்பதால்தான் இவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார்கள். அதையும் எடுத்துவிட்டால் இஞ்சின் சூடே ஏறாமல் ஓடும். டீசல் முழுதாக எரியாது, கரி சேரும், எண்ணெயில் ஈரம் கலக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் துத்தநாகக் கட்டை ஒன்று இருக்கும். இரும்பை அரிக்க வரும் உப்புநீருக்குத் தன்னைத் தின்னக் கொடுப்பதே அதன் வேலை. அந்த ஓட்டையில் ஒரு பித்தளை போல்ட்டை முறுக்கியிருந்தார்கள்.

மேல்தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடல்தரப் பலகைக்கு ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரம் உண்டு; 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அதன் அடுக்குகள் பிரியக் கூடாது. படகின் அலமாரிக்குள் ஆசாரி மறந்துவிட்டுப் போன துண்டுப் பலகையை வீட்டு இட்லிப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தேன். இரண்டாம் மணி நேரத்தில் அது சீட்டுக்கட்டைப் போல விரிந்தது. அந்தப் பானை இனிச் சமையலறைக்குள் வரக் கூடாது என்று மனைவி தீர்ப்பளித்துவிட்டார்.

இவையெல்லாம் பண நட்டம். ஆளையே விழுங்கியிருக்கக்கூடியது வேறொன்று. குளிர்விக்கும் நீரை உள்ளிழுக்க, நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் ஒரு துளையும் அதில் ஒரு வால்வும் உண்டு. படகோடு வந்த வால்வு கனமான கன்மெட்டல் (பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) வார்ப்பு. பெரியவர் தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்தபோது, அந்த இடத்தில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பித்தளை வால்வு இருந்தது; அதன் இரும்புக் கைப்பிடி ஒரே மாதத்தில் துருவேறிப் பொரிந்திருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் மெல்ல உறிஞ்சிவிட, வெளியே வடிவம் மாறாமல் உள்ளே கடற்பஞ்சு போன்ற செம்புதான் மிஞ்சும். பார்வைக்கு முழுசாகத் தெரியும் அந்த வால்வு, ஏதோ ஒரு நாள் திருப்பும்போது கையோடு முறிந்து வரும். அதன் பின் கடலுக்கும் படகுக்கும் இடையே எதுவுமில்லை. பழைய கன்மெட்டல் வால்வு பழைய உலோகக் கடையில் எடைக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம். கேட்டபோது, “அது லீக் ஆச்சு சார், அதனாலதான் புதுசு போட்டோம்” என்றார்கள். பழையதைக் காட்டச் சொன்னேன். காட்ட இயலவில்லை.

இங்கேதான் என் முக்கியமான எச்சரிக்கை. படகு வேலையில் பணம் வாங்கும் இடங்கள் எல்லாம் பிறகு மூடப்படும் இடங்களாகவே இருக்கின்றன. மூடுவதற்கு முந்தைய நாள் அங்கே நிற்க முடியாதவர், வேலையைத் தொடங்கவே வேண்டாம். கடைந்த சிலிண்டரின் அளவைப் பிஸ்டன் இறங்குமுன் நீங்களே கேஜில் பார்த்து எழுதி வாங்குங்கள். பலகையின் முத்திரையை ஃபைபர் ஏறுமுன் படமெடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பழைய உதிரியும் சாக்கில் கட்டி உங்களிடம் வந்தால்தான் அடுத்த தவணை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல பட்டறை இதற்குக் கோபப்படாது. இரண்டாவதாக வேலை செய்த பெரியவர் நான் கேட்காமலே பழைய பிஸ்டன்களைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். அவருடைய கூலியும் புது உதிரிகளுமாக மேலும் 1,60,000 ரூபாய் ஆனது.

பட்டறைக்காரர் முதலில் மறுத்தார், பிறகு 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னார், அதன் பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். பட்டறை தமிழ்நாட்டில், நான் புதுச்சேரியில். எங்கே புகார் செய்வது என்று குழம்பி ஒரு மாதத்தை வீணாக்கினேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். படகைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவருக்கே இது எளிது. வணிக நோக்கில் ஓட்டுபவர் முதலில் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது. துண்டுச் சீட்டு ஒன்றுக்கும் உதவவில்லை. கைப்பேசியில் அனுப்பிய தவணைகளின் பதிவும், பெரியவர் கையெழுத்திட்டுக் கொடுத்த அளவுக் குறிப்பும், கொதித்த பலகையின் படங்களும், அந்தப் பித்தளை வால்வும்தான் இப்போது என் சாட்சிகள்.

இந்தக் கரையில் அண்மையில் படகு வேலை செய்துகொண்டவர்கள், வேறெதையும் பார்க்காவிட்டாலும், இந்த வாரமே தரைப்பலகையைத் தூக்கி நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வால்வைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் நீரில் இருந்ததாயின் கத்தி முனையால் இலேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் படகைக் கரையேற்றாமல் அதைத் திருப்ப முயலாதீர்கள்.