என்ஏடிக்குப் பின்னால் கோப்பு சர்வர்: பாசிவ் எஃப்டிபியா, எஸ்எஃப்டிபியா?

ஒரே வெளி ஐபியை உள்ளே இருக்கும் கணினிகளுக்கு ரவுட்டர் பகிர்ந்து கொடுப்பதுதான் என்ஏடி (NAT). எஃப்டிபி (FTP) கோப்பு அனுப்பும் பழைய முறை; அதில் கோப்புக்கான இணைப்பையும் கிளையண்ட்டே தொடங்குவது பாசிவ். பாசிவ் எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள். கட்டளைக்குப் போர்ட் (சர்வரின் வாசல் எண்) 21. கோப்புக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு போர்ட். அதைச் சர்வர் 227 என்ற பதிலில் ஆறு எண்களாகச் சொல்லும்: 192,168,1,10,195,80. முதல் நான்கும் ஐபி. 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் போர்ட் 50000. சிக்கல் இங்கேதான். அந்த ஐபி உள் முகவரி, வெளியிலிருந்து எட்டாது. லாகின் ஆகிவிடும், கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் தொங்கும். ஃபைல்ஜில்லா போன்ற கிளையண்ட் மென்பொருள்கள் இதைக் கண்டுகொண்டு சமாளிக்கும். அதனால் ஒருவருக்கு ஓடும், இன்னொருவருக்கு ஓடாது.

சர்வர் அமைப்பில் வெளி ஐபியையும் 50000–50100 போல ஒரு போர்ட் வரம்பையும் எழுதுங்கள். 21-ஐயும் அந்த வரம்பையும் எண் மாறாமல் ரவுட்டரில் சர்வருக்கு ஃபார்வர்டு செய்து, ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். ரவுட்டரின் எஃப்டிபி உதவி மாட்யூல் முகவரியைத் தானே திருத்தும்தான். ஆனால் இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் (TLS) போட்டதும் அதற்கு ஒன்றும் தெரியாது.

எஸ்எஃப்டிபிக்கு (SFTP) எஃப்டிபியோடு பெயரில்தான் உறவு. ஓடுவது எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற மறையாக்கப்பட்ட இணைப்பின் மேல். போர்ட் 22, ஒரே இணைப்பு, ஒரே விதி. கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் ஓயாது என்பதால் கடவுச்சொல்லை விட்டு எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பை மட்டும் ஏற்கும்படி வையுங்கள். புதிதாக அமைப்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். எஃப்டிபி மட்டுமே தெரிந்த பழைய ஸ்கேனர் இருந்தால்தான் அந்த 101 போர்ட்டைத் திறக்கும் வேலை.