கிறிஸ்மஸ் பாக்ஸ்: காசா, சாமானா, சம்பளத்தோடு லீவா?

நவம்பர் பாதி தாண்டினால் டர்பனில் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்: “இந்த வருஷம் உங்க வீட்டுல எவ்வளவு குடுக்கறீங்க?” வீடு கூட்டித் துடைத்து, துணி இஸ்திரி போட வரும் அம்மாவுக்கு வருஷக் கடைசியில் தரும் இனாமைத்தான் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்குக் கிறிஸ்மஸ் பாக்ஸ் என்று பெயர். பெயரில்தான் பாக்ஸ். உள்ளே என்ன வைப்பது என்பதில் ஆளுக்கொரு கட்சி.

சென்னையிலிருந்து வந்த புதிதில் எனக்கு இதில் குழப்பமே இல்லை. தீபாவளிக்குப் பணம், ஒரு புடவை, ஒரு டப்பா முறுக்கு. எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள். புடவையை மட்டும் விட்டுவிட்டு நானும் அப்படியே செய்தேன். கவரில் 500 ராண்ட், அதோடு மொய்க்கு வைப்பது போல ஒரு ஒற்றை ராண்ட் நாணயம். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் மாமா இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். (சுலு மொழியில் மாமா என்றால் அம்மா. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, “பொம்பளையப் போய் மாமாங்கறியேடி” என்று இரண்டு நாள் சிரித்தாள்.) அரை மணி கழித்துப் பார்த்தால் அந்த நாணயம் மட்டும் சமையல் மேடையில் இருந்தது. தவறி விழுந்த சில்லறை என்று நினைத்துத் திருப்பி வைத்துவிட்டார்.

தீபாவளிக்கா, டிசம்பருக்கா என்ற கேள்விக்கு இப்போது நான் டிசம்பர் பக்கம். இந்த நாட்டில் தீபாவளிக்கு அரசு விடுமுறை கிடையாது. நமக்குப் பண்டிகை, அவருக்கு அது இன்னொரு வேலை நாள். தீபாவளிக்கு வந்த காசு டிசம்பருக்குள் கரைந்துவிடும். டிசம்பர் 16 நல்லிணக்க நாள் விடுமுறை. அதையொட்டித்தான் டாக்ஸியில் (இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து போகும் மினி பஸ்) இடம் பிடித்து, ஊரில் பாட்டியிடம் வளரும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். பணம் 10-ஆம் தேதிக்குள் கையில் இருந்தால் பிரயோஜனம். 24-ஆம் தேதி சாயங்காலம் கொடுப்பது நம் மனத்திருப்திக்கு மட்டும்தான். எல்லாரும் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவர்கள் என்றும் எண்ண வேண்டாம். ஷெம்பே என்ற சுலு மக்களின் சபையைச் சேர்ந்தவர்களுக்கு ஜனவரியில் இன்லாங்காகாசி மலை யாத்திரை உண்டு. 25-ஆம் தேதி லீவைவிட ஜனவரி முதல் வாரத்து லீவுதான் அவர்களுக்குப் பெரிசு. கேட்டுவிட்டுக் கொடுப்பது உத்தமம். தீபாவளிக்கு முறுக்கு டப்பா போதும், அதை அவரும் ஆசையாகத்தான் வாங்கிப் போகிறார்.

அடுத்தது காசா, சாமானா என்ற பழைய சண்டை. பெரிய பையில் அரிசி, மக்காச்சோள மாவு, சர்க்கரை, எண்ணெய், டீத்தூள் கட்டித் தருவது இங்கே பல தமிழ் வீடுகளில் வழக்கம். பார்க்க நிறைவாக இருக்கும். எனக்கும் பிடித்திருந்தது, மாமா அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி டாக்ஸிக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்வரை. இன்னொன்றும் அப்போது தெரியாது. இங்கே ஸ்டாக்வெல் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, நம் ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி. மாதாமாதம் பெண்கள் காசு போட்டு வைத்து, டிசம்பரில் மொத்தமாகச் சாமான் வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். அரிசியும் எண்ணெயும் அந்த வழியிலேயே வீட்டுக்கு வந்துவிடும். அதன் மேல் நாமும் அரிசியையே கொடுத்தால்? ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடைக்கும் ஷூவுக்கும் நோட்டுக்கும் அரிசியைக் கொடுத்து வாங்க முடியாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சாமான் பை என்றாலே ஆகாது. அவர் குடும்பம் ஐந்து தலைமுறையாக இங்கேதான். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளோடு டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கிய கதை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தத்தில் முதல் வருஷம் மாதக் கூலி 10 ஷில்லிங், அதோடு ரேஷன் அரிசியும் பருப்பும். “அளந்து போட்ட அரிசியை வாங்கித் தின்ன ஜாதி நாம. அதையே இன்னொருத்தருக்கு அளந்து போடுவானேன்? காசாக் குடு, என்ன வாங்கணும்னு அவங்களுக்குத் தெரியும்,” என்பார். கொஞ்சம் கடுமைதான். சாமான் கொடுக்கிற எல்லாரும் எஜமானத் திமிரில் கொடுப்பதில்லை. ஆனாலும் அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

சூப்பர் மார்க்கெட் வவுச்சர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பை தூக்க வேண்டாம், ஆனால் அந்தக் கடையில்தான் செலவழிக்க வேண்டும். பழைய துணி, ஓடாத டிவி, கிழிந்த சோபா எல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. கொடுப்பதானால் ஜூலையில் கொடுங்கள்.

காசுக்கும் ஒரு தொல்லை உண்டு. டிசம்பரில் எல்லார் பையிலும் பணம் இருக்கிறது என்று திருடனுக்கும் தெரியும். அதனால் நான் இப்போது போனுக்கே அனுப்புகிறேன். வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும், கார்டு இல்லாமலே ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு என்றால், சட்டப்படி கட்டாயத் தொகை என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, போனஸ் கொடுப்பவர் இஷ்டம். நியாயமாக நினைப்பவர்கள் தருவது ஒரு மாதச் சம்பளம், பதின்மூன்றாம் செக் என்று சொல்வது. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. அந்தக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 230 ராண்ட் சொச்சம். வாரம் ஒரு நாள் வருபவருக்கு மாதம் ஏறக்குறைய 1000 ராண்ட், போனஸும் அதுவே. அவர் நாலு வீட்டில் வேலை செய்கிறாரே, மற்றவர்களும் கொடுப்பார்களே என்று பாதியாகக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற மூன்று வீட்டிலும் அதே கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் மொத்தமாகத் தருகிறோமே, மாதாமாதம் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் என்ன என்பதும் செல்லாது. இனாம், போனஸ், அன்பளிப்பு எதையும் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் காட்டச் சட்டம் விடாது.

இத்தனையும் பேசுகிற கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத ஒன்று லீவு. அதில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். அந்த முதல் வருஷம் மூன்று வாரம் ஊருக்குப் போனோம். மாமா வருவது செவ்வாய்க்கிழமைகளில். வீடு பூட்டியிருந்தது, வேலை இல்லை, ஆகவே மூன்று செவ்வாய்க்கும் சம்பளமில்லை என்று வெகு இயல்பாகக் கழித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் விரல் விட்டு எண்ணினார். அந்த 2025 கூலிக்குப் போட்டால் மூன்று நாள் 690 ராண்ட். நான் பெருமையாகக் கொடுத்தது 500. ஆக இனாம் வாங்கியது நான்தான்!

சட்டமும் மாமா பக்கம்தான். ஒரே வீட்டில் மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 17 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. வாரம் ஒரு நாள் என்றால் வருஷத்துக்கு 52 நாள், அதாவது மூன்று நாள் லீவு. நான் பிடித்ததும் சரியாக மூன்று நாள். அரசு விடுமுறை அவருடைய வழக்கமான நாளில் விழுந்தால் அதற்குத் தனியாகச் சம்பளம், லீவில் கழிக்கக் கூடாது. 2025-இல் டிசம்பர் 16 செவ்வாயில் வந்தது, எனக்கு அந்தப் பாடமும் ஆயிற்று.

ஆகவே கையில் இருப்பது கொஞ்சம் என்றால் முதலில் லீவுச் சம்பளம், அப்புறம் காசு, மிஞ்சினால் சாமான். லீவுச் சம்பளத்தை இனாம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், அது அவர் பணம். கம்பெனி மூலம் ஆள் மாறி மாறி வரும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அன்றைக்கு வந்தவர் கையில் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டியதுதான்.

போன டிசம்பரில் 1001 ராண்ட் என்று போனுக்கு அனுப்பினேன். ஏடிஎம்மில் நோட்டு மட்டும்தான் வரும், அந்த ஒரு ராண்ட் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இந்த வருஷம் அதை மட்டும் கையில் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.