வருடக் கட்டணம் 350 ரூபாய்

நான் டான்ஸ் தெரிந்தவள் இல்லை. தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை, ஆண்டு விழா சீசன் வந்தால் பரதநாட்டிய உடை. என் மகள் எட்டு வயதிலிருந்து ஆடுகிறாள். முதல் ஆறு வருடம் எங்கள் ஊரில் ஒரு தனியார் நடனப் பள்ளி, இப்போது மாவட்ட அரசு இசைப்பள்ளி. இரண்டுக்கும் பணம் கட்டிய கை என்னுடையது. அதனால் இது கட்டணம் கட்டியவளின் விமர்சனம். எந்த ஊர்ப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள், ஆசிரியர்களும் வாட்ஸப் பார்க்கிறவர்கள்தான்.

தனியாரில் சேர்க்கும்போது மாதம் 600. சனி, ஞாயிறு ஒவ்வொரு மணி நேரம். நிற்கும்போது 1,000. அது பெரிய தொகை என்று நான் சொல்லமாட்டேன். டியூஷனுக்கே அவ்வளவு ஆகிறது. மாதக் கட்டணத்தைத் தாண்டித்தான் பணம் போனது. விஜயதசமிக்குத் தட்டு, புடவை, 1,001 ரூபாய். ஆண்டு விழாவுக்கு 3,500. அந்த விழாவுக்கு வருடத்துக்கு ஒரு புது உடை, அதையும் டீச்சர் சொல்லும் கடையில்தான் எடுக்க வேண்டும். சலங்கை, மேக்கப், போட்டோ தனி. ஆறு வருடத்துக்கு ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த நோட்டை வீட்டுக்காரரிடம் இன்றுவரை காட்டவில்லை.

உடையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு 4,800 ரூபாய் கட்டி வாங்கினோம். பாட்டில் பச்சை, மெரூன் பார்டர். வீட்டுக்கு வந்ததும் இடுப்பு தொளதொள என்றிருக்கிறதே, பிடித்துக் கொடுக்கலாம் என்று உள்பக்கம் திருப்பினேன். விசிறி மடிப்பின் அடியில் கேன்வாஸ் வைத்து இரட்டைத் தையல், ஒரு வரிசை பச்சை நூல், ஒரு வரிசை ஆரஞ்சு. பச்சை நூல்கண்டு தீர்ந்த ராத்திரி எது கையில் கிடைத்ததோ அதைப் போட்டு ஓட்டியது நினைவுக்கு வந்தது. அது நான் தைத்த உடை. அந்தக் கடைக்கு ஜாப் ஒர்க்காக ஒரு உடைக்கு 700 ரூபாய் கூலிக்குத் தைத்துக் கொடுத்த பத்தில் ஒன்று. துணி 1,500 என்று வைத்தாலும் மீதி எங்கே போனது என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் கேட்டாள், "ஏம்மா சிரிக்கிற?" என்ன சொல்வது, இடுப்பைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் அரங்கேற்றப் பேச்சு வந்தது, முதன்முதலாகத் தனியாக மேடையேறி முழு நிகழ்ச்சி ஆடுவது. டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்வது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேருக்கு ஒத்திகையும் சேர்த்து 75,000. மண்டபம், இரண்டு பட்டு உடை, கோயில் நகை செட், வீடியோ, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, குருதட்சிணை. மொத்தம் இரண்டே முக்கால் லட்சம். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணம் மாதிரி" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று சொல்லி நிறுத்திவிட்டோம். அந்தப் பெண் மூன்று வருடம் அடுப்படியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு மாடி வாடகை இருக்கிறது, லீவு மாதங்களில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனத்தாங்கல். ஒன்றிய அரசின் சிசிஆர்டி என்ற பண்பாட்டுப் பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கலை உதவித்தொகை தருகிறது. வருடம் 3,600 ரூபாய், அதோடு குருவுக்குக் கட்டும் கட்டணத்தில் 9,000 ரூபாய் வரை. தேர்வுக் குழு முன்னால் பிள்ளை ஆடிக் காட்ட வேண்டும். ஒருமுறை கிடைத்துவிட்டால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பள்ளியில் மகளோடு படித்த பெண்ணின் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்போது மகளுக்குப் பதின்மூன்று. குரு கையெழுத்து, கட்டணத்துக்கு அத்தாட்சி வேண்டுமே என்று டீச்சரிடம் போனேன். "பில்லா? டான்சுக்கா?" என்றார். ரசீது புத்தகமே அவரிடம் கிடையாது. ஜிபேயில் அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்ததில் அந்த வருடம் கடைசித் தேதி போய்விட்டது, அடுத்த வருடம் பதினான்கு வயது தாண்டிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் சேர்க்கும் அன்றைக்கே "ரசீது தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டால் எனக்கு ஆனதுதான் ஆகும்.

சரி, அரசு இசைப்பள்ளிக்கு வருகிறேன்.

கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. தமிழ்நாட்டில் 17 மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்டமோ 38. எங்கள் மாவட்டத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று ஏழு பிரிவு. மூன்று வருடம். வயது 12 முதல் 25. பரதத்துக்கு ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் 2023இல் சேர்த்தோம். நான் கட்டியது வருடத்துக்கு 350 ரூபாய். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா ரசீது கிழித்துக் கொடுத்தார். ஆறு வருடத்தில் நடனத்துக்கு நான் வாங்கிய முதல் ரசீது. மடித்து பர்சில் வைத்துக்கொண்டேன். பஸ் பாஸ் இலவசம். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அரசு விடுதி. இது போக மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகை வேறு.

கட்டணம் இவ்வளவு குறைந்தால் பாடமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தப்பு. முதல் நாள் மகள் வர்ணம் என்ற பெரிய நடனம் வரை தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். மேடம் தட்டடவு போடச் சொல்லியிருக்கிறார், காலைத் தட்டிப் பழகும் முதல் பாடம் அது. முதல் காலம், அதாவது முதல் வேகம், சரி, இரண்டாம் காலம் சரி, மூன்றாம் காலத்தில் முழங்காலை மடக்கி உட்காரும் அரைமண்டி மெல்ல மேலே ஏறிவிட்டது. "உனக்கு உருப்படி தெரியும், அடவு தெரியாது" என்றாராம். உருப்படி என்றால் மேடையில் ஆடும் முழு நடனம், அடவு அதற்கான அடிப்படை அசைவு. இரண்டு மாதம் தட்டடவும் நாட்டடவும் மட்டும். வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலிலும் கொக்கி வைக்கத் தெரியாமல் டிசைனர் பிளவுஸ் போட வருகிற பிள்ளைகள் உண்டு. தனியார் வகுப்பில் வருடா வருடம் ஆண்டு விழாவுக்கு ஒரு உருப்படி தயாராக வேண்டும், அடவுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, இதற்குக் காசு போட்டாலும் வெளியே கிடைக்காது. தனியாரில் ஆறு வருடமும் ப்ளூடூத் ஸ்பீக்கரில்தான் பாட்டு. இங்கே பக்கத்து அறையில் மிருதங்கப் பையன்கள், அதற்கடுத்து வயலின், எதிரே குரலிசை. மதியத்துக்கு மேல் மேடம் சொல்லி அனுப்பினால் ஒரு பையன் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவான். அவனுக்கும் அது பாடம்தான், ஆட்டத்துக்கு வாசித்துப் பழக வேண்டுமே. ஸ்பீக்கர் நமக்காக நிற்காது. அந்தப் பையன் நிற்பான், இவள் தப்பினால் முறைப்பான், சில நாள் அவனே தப்புவான். அரங்கேற்றத் தாளில் 75,000 என்று எழுதியிருந்தது இங்கே தினமும் நடக்கிறது. ஜதிஸ்வரம் என்ற உருப்படியை முதல் தடவை ஆள் பாட, ஆள் வாசிக்க ஆடிவிட்டு வந்த அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.

குறைகள் இருக்கின்றன. ஆடும் கூடம் சிமெண்ட் தரை, இரண்டு இடத்தில் பெயர்ந்திருக்கிறது. சிமெண்டில் ஓங்கித் தட்டித் தட்டிக் குதிகால் வலி. ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். கண்ணாடி கிடையாது. கழிவறை பற்றி எழுதவேண்டாம், எழுதாமலே தெரியும். முதல் வருடம் வயலினுக்கு ஆசிரியர் மாதக்கணக்கில் இல்லை. ஊக்கத்தொகை மாதம் 400 என்பது காகிதத்தில். கைக்கு வரும்போது ஐந்தாறு மாதத்துக்குச் சேர்த்துத்தான் அக்கவுண்டில் விழுகிறது. மொத்தமாக வந்தால் சலங்கை மாற்றலாம் என்று மகள் சொல்கிறாள், அவள் என்னைவிட நல்லவள்.

ஆனால் எனக்குப் பெரிய குறை நேரம். காலை 10 முதல் மாலை 4 வரை, வாரம் ஐந்து நாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எப்படி வரும்? பன்னிரண்டு வயதில் சேரலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. சேர்ந்தால் எட்டாம் வகுப்புக்கு யார் போவது? அதனால்தான் இங்கே வருவது பாதிக்குமேல் எங்களைப் போலப் பன்னிரண்டாவது முடித்தவர்கள், மீதி படிப்பை விட்டவர்கள். மகள் பி.காம் அஞ்சல் வழியில் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும். அஞ்சல் வழிக்கு அது இல்லை. அதுவும் போச்சு. இதே மூன்று வருடம் என் கடையில் மெஷினில் உட்கார்ந்தால் நாளுக்கு 400 சம்பாதிப்பாள். அரசு கொடுக்கும் ஒரு மாத ஊக்கத்தொகை எங்கள் கடையில் ஒரு நாள் கூலி. 350 ரூபாய்ப் படிப்புக்கு நான் உண்மையில் கட்டும் கட்டணம் அதுதான். சாயந்தர வகுப்பு ஒன்று வைத்தால் போதும், கூட்டம் தாங்காது.

தவில், நாதஸ்வரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. பெரும்பாலும் அந்தத் தொழில் குடும்பம். தை, ஆவணி முகூர்த்த நாளில் தவில் வகுப்பு காலி. எல்லாரும் ஏதோ ஒரு மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் தவில் வாசிக்க விரலில் கூடு போட்ட தடத்தோடும் தூக்கக் கண்ணோடும் வருவார்கள், சாரும் ஒன்றும் கேட்கமாட்டார். அவர்களுக்கு இந்தச் சான்றிதழ் கண்டிப்பாக வேண்டும், அறநிலையத் துறைக் கோயில்களில் தவில், நாதஸ்வர வேலைக்கு இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பரதப் பெண்ணுக்கு அப்படி ஒரு கதவு நேராகத் திறந்து கிடக்கவில்லை. மேலே இசைக் கல்லூரி போகலாம். சென்னை, திருவையாறு, மதுரை, கோவையில் இருக்கின்றன. இல்லை, பள்ளிகளில் பகுதிநேரம் சொல்லிக்கொடுக்கலாம்.

இப்போது நாங்கள் குறி வைத்திருப்பது ஒன்றிய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. வயது 18 முதல் 25, மாதம் 5,000, இரண்டு வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு தவணையாகத் தருவார்கள். நாடு முழுக்க வருடத்துக்கு 400 பேர், எல்லாக் கலைகளுக்கும் சேர்த்து. போட்டி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. குருவிடம் ஐந்து வருடமாவது படித்திருக்க வேண்டும் என்று விதி. இசைப்பள்ளியில் இரண்டு வருடம்தான் ஆகிறது. அப்போ மீதிக்கு யாரிடம் போவது?

பழைய டீச்சரிடம்தான். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். மாடியில் அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. பழைய கோபம் எதையும் காட்டிக்கொள்ளாமல் நின்றேன். அவர் முதலில் மகளை ஆடச் சொன்னார். தட்டடவு மூன்று காலமும் போட்டாள். டீச்சர் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா உட்கார்றாளே, யார் சொல்லித் தர்றா?" என்றார். பெயரைச் சொன்னேன். பிறகு ஆறு வருடம் தன்னிடம் படித்தாள் என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். முத்திரை புதிது, ரசீது புத்தகமும் போட்டுவிட்டாராம்.

மதிப்பெண் கேட்டால் அரசு இசைப்பள்ளிக்கு ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது நேரத்துக்கும் தரைக்கும். சேர்க்கப் போகிறவர்கள் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், ஐந்தாறு போட்டோ எடுத்துப் போங்கள். ஊக்கத்தொகைக்குப் பிள்ளை பெயரிலேயே அக்கவுண்ட் இருந்தால் நல்லது. பயிற்சிப் புடவைக்குக் கடையில் 1,200 கேட்பார்கள், வாங்க வேண்டாம். சாயம் போகாத கைத்தறிப் பருத்திப் புடவை ஒன்று எடுத்து முழங்காலுக்குக் கீழே நாலு விரல் வைத்து வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போடும் பைஜாமாவுக்குக் கவட்டியில் ஒரு முக்கோணத் துண்டு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அரைமண்டி உட்கார்ந்த இரண்டாம் நாளே கிழியும். எங்கள் கடையில் 150 ரூபாய்.