வயிற்று வலிக்குப் போனேன், ஃபைலைப் பார்த்தே பிடித்துவிட்டார் (கிருஷ்ணகிரி கவுன்சிலிங் கிளினிக்)

இந்த இடத்துக்கு ரிவ்யூ என்று பார்த்தால் ‘குட் சர்வீஸ்’, ‘நைஸ் மேடம்’ என்றுதான் கிடக்கிறது, அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பதினாலு வருஷமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு லாரி லாரியாக வந்து நிற்கும், கூழின் பிரிக்ஸ் (இனிப்பு அளவு) 14க்குக் கீழே இறங்கினால் வாங்குகிற பார்ட்டி லாட்டையே திருப்பிவிடும். நான் கையெழுத்துப் போட்ட லாட் ஒன்றுகூட இதுவரை திரும்பியதில்லை. புதிதாகச் சேருகிற பையன்களிடம் முதலாளி என்னைக் காட்டி “இவர மாதிரி இருக்கணும்” என்பார். ஒரே சாம்பிளை நாலு தடவை பிரிக்ஸ் அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்ப்பதும், ராத்திரி பதினொன்றரைக்குப் படுக்கையிலிருந்து எழுந்து செக்யூரிட்டிக்கு ஃபோன் போட்டு, டிரம்மில் லேபிள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வதும் அவருக்குத் தெரியாது.

மூன்று வருஷமாக வயிறு சரியில்லை. சேலத்தில் எண்டோஸ்கோபி, பெங்களூரில் ஸ்கேன், எல்லாம் நார்மல். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும், ராத்திரி முழுக்கப் பல்லைக் கடிக்கிறேனாம், மனைவிதான் சொன்னாள். அம்மா சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். கடைசியாகப் பார்த்த டாக்டர் இங்கே போகச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, வேலை போனவனுக்கும் கடன்காரனுக்கும் டென்ஷன் வரும், எனக்கு என்ன குறை?

ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரம்தான். அஞ்சு மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு நாலு இருபதுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போனதும் கவுன்சிலிங் மேடம் ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை, ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி வரிசை, கலர் டேப், முன்னால் ஒரு இண்டெக்ஸ் பேப்பர்.

“இதைப் பண்ண எத்தனை நாள் ஆச்சு சார்?”

“மூணு ராத்திரி.”

“வயிறு வலிச்ச ராத்திரியா, வலிக்காத ராத்திரியா?”

எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் பதற்றம் எவ்வளவு என்று பார்க்க ஒரு ஃபார்ம் கொடுத்தார், ஜிஏடி-7 என்று பெயர், 2006இல் வந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, மொத்தம் 21. 5 லேசு, 10 நடுத்தரம், 15 கடுமை என்று கணக்கு. நான் 9 எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்றால், முதலில் போட்டதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அசிங்கமாக இருக்கிறதே என்று மூன்று இடத்தில் அடித்துக் குறைத்தேன். அடித்தது அவர் கண்ணில் படாமல் இருக்குமா? மறுபடி எழுதச் சொன்னார், 14. இது நோய் இன்னதென்று சொல்கிற டெஸ்ட் இல்லை, மேலே பார்க்க வேண்டுமா என்று காட்டுகிற சல்லடைதான் என்றும் சொன்னார். தைராய்டு கூடினாலும் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை வரும் என்று முதலில் டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்த டெஸ்ட் பார்த்து வரச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, நான் லேப் ஆள். அது சரியாகவே இருந்தது.

யூடியூபில் இதற்கு ‘ஹை ஃபங்ஷனிங் ஆங்சைட்டி’ என்று பெயர் ஓடுகிறது, அப்படி ஒரு நோய்ப்பெயர் டாக்டர்களின் வகைப்பாட்டில் கிடையாது என்று மேடமே சொல்லிவிட்டார். பதற்றம் என்றால் வேலையைத் தள்ளிப்போடுவான், ஒதுங்குவான் என்றுதான் நாம் நினைக்கிறோம். என் மாதிரி ஆள் பயத்தில் இரண்டு மடங்கு வேலை செய்வான், அதற்கு இன்கிரிமென்ட் வேறு கிடைக்கும், அப்புறம் யார் கண்டுபிடிப்பது? “கவனமான ஆளுக்குச் சரிபார்த்ததும் விஷயம் முடிஞ்சிடும். உங்களுக்கு அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நிக்குது?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஃபேக்டரி கேட் வரைக்கும்.

வீட்டுப்பாடம் உண்டு. ஃபேக்டரி விதியில் இரண்டு ரீடிங் என்றால் இரண்டுதான். தினம் ஒரு மெயில் திரும்பப் படிக்காமல் அனுப்ப வேண்டும். கவலைப்பட ஆறரையிலிருந்து ஆறேமுக்கால் வரை ஒரு நோட்டு, மற்ற நேரம் கவலை வந்தால் ‘ஆறரைக்கு வா’ என்று தள்ளிவிட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. செக்யூரிட்டிக்கு ஃபோன் போடாத முதல் ராத்திரி ஒரு மணி வரை கட்டிலில் வேர்த்து உட்கார்ந்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் லேபிள் ஒட்டித்தான் இருந்தது, செக்யூரிட்டி அண்ணன்தான் பயந்துபோய், “என்ன சார் நேத்து ஃபோன் வரல, உடம்புக்கு முடியலையா?” என்றார்.

குறைகள். வெயிட்டிங் ஹாலில் சீரியல் சத்தம் உள்ளே வரை கேட்கிறது, அப்படியானால் உள்ளே பேசுவது வெளியே கேட்காதா? ரிசப்ஷனில் பெயரைக் கத்திக் கூப்பிடுகிறார்கள், இது சின்ன ஊர், பக்கத்து சேரில் எங்கள் லாரி கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி ஃபோனை நோண்டினோம். ஒருமுறை சொல்லாமல் அப்பாயின்ட்மென்ட்டை மாற்றினார்கள். ஒரு தடவைக்கு 700 ரூபாய், எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. மாத்திரை இங்கே தர மாட்டார்கள், வேண்டுமென்றால் மனநல டாக்டரிடம் அனுப்புவார்கள். காசு செலவில்லாமல் முதலில் பேசிப் பார்க்க நினைப்பவர்களுக்கு 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்கிற மனநல ஃபோன் உதவி, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு.

ஏழு தடவை போயிருக்கிறேன். வயிறு பாதி தேவலை, தாடை இன்னும் வலிக்கிறது, போன வாரம் ஃபார்மில் 8, இந்த முறை அடித்தல் திருத்தல் இல்லை. இப்போதைக்கு நாலு ஸ்டார். ஆனால் இதெல்லாம் சீசன் இல்லாத மாதத்துக் கணக்கு. மே மாதம் லாரி வரிசை கட்டி நிற்கும்போது இரண்டு ரீடிங்கோடு கையை எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து ஸ்டாரை மாற்றுகிறேன்.