இரட்டைக்குழலா, ரிப்பீட்டரா: உப்புக்காற்றில் ஒரு துவக்கு

தம்பலகாமத்து வயல்களில் பெரும்போகக் கதிர் முற்றும் நாட்களில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், விடியும்போது அந்தத் துண்டு வயலில் அறுக்க எதுவும் மிஞ்சாது. பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் கிடைத்தபோது, நடுவில் மடக்கித் திறந்து குழலுக்கு ஒரு தோட்டா இடும் 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழலை எடுப்பதா, குழலுக்குக் கீழுள்ள குழாயில் தோட்டாக்களை அடுக்கி முன்பிடியை இழுத்துச் சுடும் ரிப்பீட்டரை எடுப்பதா என்று சில வாரங்கள் யோசித்துவிட்டு இரட்டைக்குழலை எடுத்தேன். ரிப்பீட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அரிசி ஆலை வைத்திருக்கும் மச்சான் தன்னுடையதைக் கழற்றித் துடைக்கும்போது அருகிலிருந்து பார்த்ததுதான். வீட்டில் கட்டிய துவக்குகளை இங்கே சேர்க்கவில்லை. அனுமதியின்றித் துவக்குச் செய்வது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அவற்றில் கோது (சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் வெற்றுக் கூடு) இறுகுவது அடுத்த வெடியைத் தோட்டா அறை தாங்காது என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ரிப்பீட்டரில் வெடிகள் அதிகம், இரட்டைக்குழலில் இரண்டே. இரண்டாவது வெடிக்குப் பிறகும் வயலில் நிற்கும் பன்றியை நான் கண்டதில்லை என்பதால் அந்தக் கணக்கு என்னை அசைக்கவில்லை. என் முடிவைத் தீர்மானித்தது கடற்காற்றுத்தான். திருகோணமலையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களில் அலமாரிக்குள் இருக்கும் இரும்புகூடத் துருப்பிடிக்கும். துவக்கில் அந்தத் துரு முதலில் காட்டுவது தோட்டா ஏறுவதிலும் வெற்றுக் கோது வெளியேறுவதிலும்தான்.

இரட்டைக்குழலில் தோட்டாவை ஏற்றுவது கை. ஆகவே ஏற்றக் கோளாறு என்ற ஒன்றே அதற்கு இல்லை. மடக்கித் திறந்தால் எக்ஸ்ட்ராக்டர் என்ற சிறு உறுப்பு கோதின் விளிம்பைச் சற்றே உயர்த்திக் கொடுக்கும், மீதியை விரல் செய்துவிடும். கோது வர மறுத்தால், துவக்கில் வேறு தோட்டா இல்லை என்று உறுதிசெய்தபின் மரக்கோலால் குழல்வாயிலிருந்து மெல்லத் தள்ளி எடுத்துவிட்டு, அறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துருப்புள்ளியோ பிளாஸ்டிக் படிவோ கண்ணுக்கே தெரியும். துடைப்பதற்கு அறையின் அளவுக்கேற்ற பித்தளைத் தூரிகை வேண்டும், ஏனெனில் அறை குழலைவிடச் சற்று அகலமானது. குழல் தூரிகையால் எவ்வளவு தேய்த்தாலும் அறைச் சுவரில் அது சரியாகப் படாது. இதை அறிய எனக்கு ஒரு பருவம் வீணாயிற்று. இரட்டைக்குழலுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் அழுக்குச் சேர்ந்தால் அது முழுவதும் உள்ளே அமராமல் துவக்கை மூடவிடாது. பழைய துவக்கென்றால் அறையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 65 மில்லிமீற்றர் அறையில் 70 மில்லிமீற்றர் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது அதன் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும்.

ரிப்பீட்டரில் இதே துரு குழாயின் சுருளிலும், தோட்டாவை ஒவ்வொன்றாக விடும் தடுப்பிலும், தூக்கித் தரும் தட்டிலும், கோதை இழுக்கும் கொக்கியிலும் தனித்தனியே வேலை காட்டும். தோட்டா குழாயிலிருந்தே வரவில்லையென்றால் சுருளைப் பார்க்க வேண்டும். இரண்டு ஒன்றாக வந்தால் தடுப்பை. கோது அறையிலேயே தங்கினால் மச்சான் முதலில் அதன் விளிம்பைப் பார்ப்பார்: கொக்கி ஆழமாகக் கடித்த தடமோ கிழிசலோ இருந்தால் குற்றம் சொரசொரத்த அறையில், தடமே இல்லையென்றால் கொக்கியிலோ அதன் சிறு சுருளிலோ. முன்பிடியை முழுவதும் பின்னுக்கு இழுக்காததும் இதே நோயைப் போலவே தோன்றும் என்பதால், எதையும் கழற்றுமுன் மருந்தில்லாப் போலித் தோட்டாக்களை வைத்து இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். உண்மைத் தோட்டாவை வைத்து ஏற்றத்தைச் சோதிப்பவரின் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

கவனமாகப் பேணினால் ரிப்பீட்டரும் உழைக்கும். மச்சானுடையது உழைக்கத்தான் செய்கிறது. ஆனால் மழைநாளில் வயலிலிருந்து திரும்பினால் அவருக்கு அரைமணி நேர வேலை காத்திருக்கும், எனக்கோ மடக்கித் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அவர் உதிரிச் சுருள் ஒன்றுக்காகக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த பருவத்தில், அவருடைய வயலோரத்திலும் என் துவக்குத்தான் காவல் நின்றது.